ஐந்தில் ஒன்றுதான் குறிஞ்சி

(காதலர் தினத்துக்கு நான்கு நாட்கள் முன்பு, கோவையில் கல்லூரி மாணவர்களும் பெற்றோரும் கூடியிருந்த அரங்கில், ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



இன்னும் நான்கு நாளில் பிப்ரவரி 14. காதலர் தினம் நம் பண்பாட்டுக்கு ஏற்றதா இல்லையா என்று ஒவ்வோர் ஆண்டும் பட்டிமன்றம் நடக்கிறது. நான் அதற்கு வரவில்லை. அந்த நாளைக் கொண்டாடுகிறவர்கள் கொண்டாடட்டும், மனதார வாழ்த்துகிறேன். அந்த நாள் வந்தாலே நெஞ்சில் ஒரு கல்லைத் தூக்கி வைத்ததுபோல் உணர்கிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களோடு பேசத்தான் வந்திருக்கிறேன்.

31 ஆண்டுகள் தமிழ் நடத்தினேன். அதில் 9 ஆண்டுகள் மாணவியர் விடுதிக்குக் காப்பாளர். ஒரு பிப்ரவரி 14 இரவு, மெஸ்ஸில் சப்பாத்தி குருமா. விடுதியில் அது ஒரு விசேஷ நாள் மாதிரி, யாரும் தவறவிட மாட்டார்கள். அன்று ஒரு பெண்ணை மட்டும் காணோம். அறையிலும் இல்லை. தேடிக்கொண்டே போனேன். மொட்டை மாடிக்குப் போகிற கடைசிப் படியில் இருட்டில் உட்கார்ந்திருந்தாள். முழங்கால் மேல் போனைக் கவிழ்த்து வைத்திருந்தாள். அது அதிரும்போதெல்லாம் எடுத்துப் பார்ப்பாள், மறுபடி கவிழ்த்து வைப்பாள்.

"என்ன கண்ணு?" என்றேன். "தலைவலி மேடம்" என்றாள். நானும் அந்தப் படியிலேயே உட்கார்ந்தேன். பத்து நிமிடம் இருவரும் பேசவில்லை. பிறகு அவளே சொன்னாள்: "தலைவலி இல்ல மேடம். ரூம்ல மூணு பேருக்கும் யாரோ பூ, சாக்லேட் அனுப்பியிருக்காங்க. எனக்கு யாருமே இல்ல. அவ்வளவுதான். இதுக்குப் போய் அழுதேன்னு சொன்னா சிரிப்பாங்க."

அவளுடைய கடைசி வாக்கியத்தை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. யாரும் இல்லையே என்பது ஒரு வலி. அதைச் சொன்னால் சிரிப்பார்களே என்பது அதற்கு மேல் ஏறி உட்கார்ந்த இன்னொரு வலி. முதல் வலியோடு எப்படியோ வாழ்ந்துவிடலாம். இரண்டாவதுதான் ஒரு பிள்ளையைச் சாப்பிடவிடாமல் இருட்டில் கொண்டுபோய் உட்கார வைக்கிறது. இன்று நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று: அந்த இரண்டாவது வலி நமக்குத் தேவையே இல்லை. அதைச் சுமக்கச் சொல்லி நம் மொழி நமக்குக் கற்றுக்கொடுக்கவும் இல்லை.

முதலில், அந்த நாளில் யாருக்கெல்லாம் வலிக்கிறது என்று பார்ப்போம். யாரும் இல்லாதவர்களுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். சென்ற ஆண்டு இதே நாளில் கைகோத்து நடந்து, இந்த ஆண்டு பிரிந்து நிற்கிறவர்களுக்கு வலிக்கிறது. சொல்லாமலேயே ஒருவரை நேசிப்பவர்களுக்கு வலிக்கிறது. சொல்லி, மறுப்பு வாங்கியவர்களுக்கு வலிக்கிறது. காதல் இருந்தும் சாதிக்குப் பயந்து, பேருந்தில்கூடப் பக்கத்துப் பக்கத்தில் உட்கார முடியாதவர்களுக்கு வலிக்கிறது. ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் நேசித்து, வீட்டில் வாயே திறக்க முடியாதவர்களுக்கு வலிக்கிறது. கல்யாணமாகி ஒரே கூரையின் கீழ் இருந்தும் மாதக்கணக்கில் முகம் பார்த்துப் பேசாத தம்பதியருக்கு வலிக்கிறது. துணையை இழந்தவர்களுக்கு வலிக்கிறது.

இந்தக் கோவை நகரத்துக்கு அந்தத் தேதியின் பாரம் வேறு விதத்திலும் தெரியும். 1998 பிப்ரவரி 14 அன்று நடந்த தொடர் குண்டுவெடிப்புகளில் 58 பேர் இறந்தார்கள். அந்த வீடுகளில் இன்றும் பிப்ரவரி 14 நினைவு நாள். 2019-இல் அதே தேதியில் புல்வாமாவில் 40 துணை ராணுவ வீரர்கள் பலியானார்கள். அவர்களில் இருவர் நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். நாட்காட்டியில் ஒரே தேதிதான். அதைப் பார்க்கிற கண்களுக்குத் தகுந்தபடி அதன் பொருள் மாறுகிறது.

இந்த நாள் எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாலண்டைன் என்ற கிறிஸ்தவப் புனிதரின் பெயரால் வந்த நாள். 14-ஆம் நூற்றாண்டில் சாசர் என்ற ஆங்கிலக் கவிஞர், பறவைகள் இணை தேர்ந்துகொள்ளும் நாளாக அதைத் தன் கவிதையில் பாடினார். 19-ஆம் நூற்றாண்டில் வாழ்த்து அட்டை வியாபாரம் அதை வளர்த்தது. 1990-களில் கேபிள் டிவியோடு நம் ஊருக்கு வந்தது. 1999-இல் அதே பெயரில் தமிழ்ப் படமே வந்துவிட்டது. இன்று ஓசூர்ப் பக்கத்து ரோஜாத் தோட்டங்களில் இந்த ஒரு வாரத்தை மனதில் வைத்து டிசம்பரிலேயே செடிகளைக் கவாத்து செய்கிறார்கள். பல குடும்பங்களுக்கு அது பிழைப்பு. அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கடையில் விற்கிற காதலர் தினத்தில் காதலின் ஒரே ஒரு முகம்தான் இருக்கிறது: சேர்ந்திருக்கிற, சிரிக்கிற முகம். அந்த முகம் நம்மிடம் இல்லையென்றால் நமக்குக் காதலே இல்லை, நாமே குறைப்பட்டவர்கள் என்று தோன்றிவிடுகிறது.

நம் முன்னோர்கள் காதலுக்கு எத்தனை முகம் வைத்தார்கள் தெரியுமா? இங்கே இருக்கிற அத்தனை பேரும் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த விஷயம்தான். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை. குறிஞ்சிக்கு உரிப்பொருள் புணர்தல். முல்லைக்கு இருத்தல், அதாவது காத்திருப்பது. மருதத்துக்கு ஊடல். நெய்தலுக்கு இரங்கல். பாலைக்குப் பிரிவு. ஐந்து மதிப்பெண் கேள்விக்காகப் படித்து மறந்துவிட்டோம். இப்போது மறுபடி எண்ணிப் பாருங்கள். ஐந்தில் ஒன்றே ஒன்றுதான் சேர்ந்திருப்பது. மீதி நான்கும் காத்திருப்பு, கோபம், கண்ணீர், பிரிவு.

அகநானூற்றை எடுத்துக்கொள்ளுங்கள். 400 பாடல்கள். தொகுத்தவர்கள் பாடலின் வரிசை எண்ணுக்கு ஏற்பத் திணையை வகுத்திருக்கிறார்கள். குறிஞ்சிக்கு 80. முல்லை, மருதம், நெய்தல் மூன்றுக்கும் தலா 40. பாலைக்கு எத்தனை? 200. சரிபாதி. ஒரு சமுதாயம் தன் காதல் பாட்டுகளைத் தொகுக்க உட்காருகிறது, அதில் பாதியைப் பிரிவுக்கு எழுதி வைக்கிறது. பிரிந்து வாடுகிறவளைப் பார்த்து அந்தத் தொகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. அவளைப் பற்றித்தான் பாடினார்கள். அவளைத்தான் தலைவி என்றார்கள்.

வள்ளுவரிடம் வாருங்கள். காமத்துப்பாலில் 25 அதிகாரங்கள். களவியல் 7, கற்பியல் 18. கற்பியலின் முதல் அதிகாரமே பிரிவாற்றாமை. அதைத் தொடர்ந்து வருகிற பெயர்களைப் பாருங்கள்: படர்மெலிந்து இரங்கல், கண்விதுப்பு அழிதல், பசப்புறு பருவரல், தனிப்படர் மிகுதி, நினைந்தவர் புலம்பல். உடல் மெலிவதற்கு ஓர் அதிகாரம். அழுது கண் கெடுவதற்கு ஓர் அதிகாரம். மேனி நிறம் மாறுவதற்கு ஓர் அதிகாரம். அவர் விரும்பாமல் தான் மட்டும் விரும்பித் தவிப்பதற்கு ஓர் அதிகாரம். ஒரு மருத்துவர் நோயாளியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக் குறிப்பு எழுதியது போல இருக்கிறது.

திருக்குறளின் 123-ஆம் அதிகாரத்தின் பெயர் பொழுதுகண்டு இரங்கல். மாலைப் பொழுது வந்தாலே துயரம் பெருகுகிறது என்று பத்துக் குறள்கள். காலையில் ஒருவாறு தாங்க முடிந்த அதே பிரிவு, அந்திக் கருக்கலில் தாங்க முடியாமல் போகிறது. மாலை புதிதாக எதையும் பறித்துவிடவில்லை. ஊரெல்லாம் வீடு திரும்புகிற நேரம் என்பதால், திரும்பி வராத ஒருவர் அப்போது அதிகமாக நினைவுக்கு வருகிறார். பிப்ரவரி 14 செய்வதும் இதேதான். அது ஒரு பெரிய மாலைப் பொழுது. 13-ஆம் தேதி இருந்த வாழ்க்கைதான் 14-ஆம் தேதியும் இருக்கிறது, 15-ஆம் தேதியும் இருக்கும். ஊரே ஜோடியாகத் தெரிகிற நாளில் இல்லாமை கண்ணை உறுத்துகிறது. இதை முதலில் புரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். "என் வாழ்க்கையே பாழ்" என்று அன்று மாலை தோன்றினால், "இது பொழுது செய்கிற வேலை" என்று உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

சரி, வலி என்கிறீர்களே மேடம், வெறும் மனப்பிரமைதானே என்று சிலர் கேட்கலாம். அமெரிக்காவில் ஈதன் கிராஸ் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2011-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். விரும்பாமல் பிரிவுக்கு ஆளான 40 பேரை ஸ்கேன் கருவியில் படுக்க வைத்து, பிரிந்துபோனவரின் புகைப்படத்தைக் காட்டினார்கள். பிறகு கையில் சூட்டுக் கருவியை வைத்து வலியை உணரச் செய்தார்கள். உடல் வலியை உணரும் மூளைப் பகுதிகளில் சில, புகைப்படத்தைப் பார்த்தபோதும் இயங்கின. நெஞ்சு வலிக்கிறது, வயிறு எரிகிறது என்று சொல்கிற பிள்ளை நடிக்கவில்லை. பசலை பாய்ந்தது, வளை கழன்றது என்று எழுதிய புலவர்களும் வெறும் அலங்காரத்துக்காக எழுதவில்லை.

அதற்கு முந்தைய ஆண்டு, 2010-இல், ஹெலன் ஃபிஷரும் சக ஆய்வாளர்களும் காதலில் கைவிடப்பட்ட 15 பேரை ஆராய்ந்தார்கள். போதைப் பொருளுக்கு ஏங்கும்போது இயங்குகிற பகுதிகள் இவர்களுக்கும் இயங்கின. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து, அவன் கடைசியாக எப்போது ஆன்லைனில் வந்தான் என்று பார்க்கிறோமே, ஏன் என்று இப்போது புரிகிறதா? அது வெட்கப்பட வேண்டிய பலவீனம் இல்லை. விடாமல் இழுக்கிற ஒரு பழக்கத்தின் பிடி. அதே ஆய்வில் ஆறுதலான ஒரு செய்தியும் உண்டு. பிரிந்து நாட்கள் கூடக் கூட, பற்றுதலோடு தொடர்புடைய ஒரு பகுதியின் இயக்கம் குறைந்திருந்தது. காலம் ஆற்றும் என்று பாட்டிகள் சொல்வதற்குத் தலைக்குள்ளேயே சாட்சி இருக்கிறது.

இந்த ஆறுதல் நம் இலக்கியத்திலும் உண்டு. சிலப்பதிகாரத்தில் பாலை நிலத்தைப் பற்றி அழகான ஒரு கருத்து வருகிறது. பாலைக்கென்று தனியாக ஒரு நிலம் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் கடும் வெயிலில் தம் இயல்பு கெட்டு வறண்டால் அதுவே பாலை. அப்படியானால் மழை பெய்தால்? அது மறுபடி முல்லை, மறுபடி குறிஞ்சி. வகுப்பில் இதை நடத்தும்போதெல்லாம், நம் பிள்ளைகள் மனதில் இந்த ஒன்று மட்டும் தங்கினால் போதும் என்று நினைத்துக்கொள்வேன்.

இப்போது, அந்த நாளை எப்படிக் கடப்பது? எனக்குத் தெரிந்தவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, வருகிற உணர்ச்சிக்குச் சரியான பெயர் வையுங்கள். "ஒரு மாதிரியா இருக்கு" என்று விட்டுவிடாதீர்கள். அது ஏக்கமா? பொறாமையா? அவமானமா? நாம்தான் கெடுத்துக்கொண்டோம் என்ற குற்ற உணர்வா? வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயமா? பெயர் வைத்தாலே சூடு சற்றுத் தணிகிறது. 2007-இல் மேத்யூ லீபர்மேனும் குழுவினரும் செய்த ஆய்வில், படத்தில் இருந்த முகத்தின் உணர்ச்சிக்குப் பெயர் சொன்னபோது, அச்சத்தைத் தூண்டுகிற அமிக்டலா என்ற மூளைப் பகுதியின் இயக்கம் தணிந்தது தெரிந்தது. நம் இலக்கியத்தில் துயரத்துக்கு எத்தனை பெயர் பாருங்கள்: படர், பசலை, இரங்கல், புலம்பு, விதும்பல், புலவி, ஊடல், துனி. இத்தனை பெயர் வைத்திருந்தவர்களின் பேரப்பிள்ளைகளான நாம் "மூட் அவுட்" என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் போட்டு மூடுகிறோம்.

இரண்டாவது, "அதை நினைக்காதே" என்று உங்களுக்கே கட்டளை போடாதீர்கள். டேனியல் வெக்னர் என்பவர் 1987-இல் ஒரு சோதனை செய்தார். ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்காதீர்கள், நினைவு வந்தால் மணியடியுங்கள் என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதற்குப் பின் நினைக்கலாம் என்று அனுமதி கொடுத்ததும், முதலிலிருந்தே அனுமதி பெற்றவர்களைவிட இவர்களுக்குக் கரடி அதிகமாக வந்தது. தடுத்தால் பெருகும். அதனால் நேரம் ஒதுக்குங்கள். இந்த அரை மணி நேரம் அழுவேன், நினைப்பேன். அதன் பிறகு முகம் கழுவிக்கொண்டு துணி துவைப்பேன், படிப்பேன், கடைக்குப் போவேன். நெதர்லாந்தைச் சேர்ந்த ஸ்ட்ரோபே, ஷூட் என்ற இரு ஆய்வாளர்கள் 1999-இல் இழப்பைப் பற்றி இதைத்தான் சொன்னார்கள். துக்கத்துக்குள் கொஞ்சம், அன்றாட வேலைக்குள் கொஞ்சம் என்று மாறி மாறிப் போய் வருவதுதான் இயல்பான ஆறுதல். எந்நேரமும் அழுதுகொண்டே இருப்பதும் சரியில்லை, அழவே மாட்டேன் என்று பல்லைக் கடிப்பதும் சரியில்லை.

மூன்றாவது, எழுதுங்கள். யாருக்கும் அனுப்ப வேண்டாம். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்பவர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில் கல்லூரி மாணவர்களைத் தொடர்ந்து நான்கு நாட்கள், நாளுக்கு 15 நிமிடம், மனதை அழுத்துகிற விஷயத்தை எழுதச் சொன்னார். எழுதி முடித்த உடனே அவர்கள் மனம் இன்னும் கனத்தது. ஆனால் நிகழ்ச்சியையும் உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்து வந்த மாதங்களில் கல்லூரி மருத்துவ மையத்துக்குப் போவது குறைந்திருந்தது. இன்று பத்தாம் தேதி. இன்றிரவு தொடங்கினால் 13-ஆம் தேதி நான்கு நாள் முடிந்துவிடும். வள்ளுவரும் நெஞ்சொடு கிளத்தல் என்று ஓர் அதிகாரத்தையே வைத்திருக்கிறார். தன் நெஞ்சைத் தானே எதிரில் உட்கார வைத்துப் பேசுவது அது.

நான்காவது, போன். 14-ஆம் தேதி மாலை ஆறிலிருந்து பத்து மணி வரை இன்ஸ்டாகிராமையும் வாட்ஸப் ஸ்டேட்டஸையும் திறக்காதீர்கள். படத்தில் தெரிகிற ஜோடி, அரை மணி நேரத்துக்கு முன்பு போட்ட சண்டையைப் படமெடுத்துப் போட மாட்டார்கள். நீங்கள் உங்கள் முழு வாழ்க்கையையும் அவர்களுடைய ஒரு நொடியோடு ஒப்பிடுகிறீர்கள். பிரிந்துபோனவருக்கு அன்று மட்டும் ஒரு "ஹாய்" அனுப்பலாமா என்று கை துறுதுறுக்கும். எழுதுங்கள், ஆனால் நோட்டில் எழுதுங்கள். 15-ஆம் தேதி காலையிலும் அனுப்பத் தோன்றினால் அப்போது யோசிக்கலாம்.

ஐந்தாவது, அன்றைய மாலைக்கு முன்கூட்டியே ஒரு திட்டம் வைத்துக்கொள்ளுங்கள். பின்லாந்தில் பிப்ரவரி 14-ஐ நண்பர்கள் தினமாகத்தான் கொண்டாடுகிறார்கள். தென்கொரியாவில் ஏப்ரல் 14 அன்று, துணை இல்லாதவர்கள் ஒன்றாகக் கூடி கறுப்புச் சாறு ஊற்றிய நூடுல்ஸ் சாப்பிடுகிறார்கள். தனியாக இருப்பவர்களுக்கும் ஒரு பந்தி வேண்டும் என்று அந்த மக்களுக்குத் தோன்றியிருக்கிறது. நீங்களும் நாலு பேர் சேர்ந்து சாப்பிடுங்கள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு மருதமலைக்குப் போய் வாருங்கள். அன்று அறையில் தனியாகக் கதவைச் சாத்திக்கொண்டு மட்டும் இருக்காதீர்கள்.

இங்கே இருக்கிற தம்பிகளிடம் நான் கொஞ்சம் அழுத்தமாகப் பேச வேண்டும். ஒருதலைக் காதலுக்குத் தொல்காப்பியர் ஓர் இடம் கொடுத்தார். கைக்கிளை என்று பெயர் வைத்தார். சொல்லுக்கு எதிர்ச்சொல் கிடைக்காத நிலையிலும், தான் சொன்னதிலேயே தான் நிறைவடைவது அது. அந்த இடத்தில் யாரும் யாரையும் வற்புறுத்துவதில்லை. மடலேறுவேன், அதாவது பனைமடல் குதிரையில் ஏறி ஊரறிய முறையிடுவேன் என்று தலைவன் வாயால் சொல்வதைக்கூட அகத்திணைக்குள் பொறுத்துக்கொண்டார்கள். உண்மையிலேயே மடல் ஏறி ஊரைக் கூட்டினால் அதைப் பெருந்திணை என்று தள்ளி வைத்தார்கள். பொருந்தாக் காமம் என்று உரைகாரர்கள் அதற்குப் பொருள் சொன்னார்கள். வற்புறுத்தலுக்கும் அன்புக்கும் நடுவில் ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே கோடு போட்ட மொழி இது.

அந்தக் கோட்டை நாம் அழித்துவிட்டோம். துரத்தித் துரத்திக் காதலித்தால் கடைசியில் சம்மதிப்பாள் என்று நம் சினிமா பல காலம் சொல்லிக்கொடுத்தது. 2016-இல் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்திலும், 2022-இல் பரங்கிமலை ரயில் நிலையத்திலும் நம் வீட்டுப் பெண்கள் இருவர் பட்டப்பகலில் கொல்லப்பட்டார்கள். தம்பி, "வேண்டாம்" என்று ஒரு பெண் சொன்னால் உனக்கு வலிக்கும். வலிக்கட்டும். உடலே நோகும் என்றுதானே இவ்வளவு நேரம் சொன்னேன். அழு. நண்பன் தோளில் சாய்ந்து அழு. ஆம்பளை அழக்கூடாது என்று எவனாவது சொன்னால், நெஞ்சொடு பேசிப் பேசிப் பாலைவழியில் தவித்த சங்கத் தலைவர்களைப் படிக்கச் சொல். ஆனால் அந்த வலிக்கு அவள் கடன்பட்டவள் இல்லை. உன் வலியை ஆற்றுவது அவள் வேலையும் இல்லை. அழத் தெரியாத ஆண்தான் கையை ஓங்குகிறான். அழக் கற்றுக்கொண்டவன் ஒரு வருடத்தில் மறுபடி மனிதனாக எழுந்து நடப்பான்.

பெற்றோரிடம் ஒரு வார்த்தை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்கில், இந்தியாவில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர். அதில் 4.5 சதவீதத்துக்குக் காதல் விவகாரம் காரணமாகப் பதிவாகியிருக்கிறது. ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள். எந்தத் தற்கொலைக்கும் ஒற்றைக் காரணம் இருப்பதில்லை என்பது உண்மை. ஆனாலும் இந்த ஏழாயிரம் பேரில் எத்தனை பேருக்கு "சொன்னா சிரிப்பாங்க", "சொன்னா அடிப்பாங்க", "சொன்னா வெட்டிருவாங்க" என்ற பயம் இருந்திருக்கும்? உங்கள் பிள்ளை ஒருநாள் வீங்கிய கண்ணோடு வந்து நின்றால், முதல் கேள்வியாக "யாரு அவன், என்ன ஆளுங்க?" என்று கேட்காதீர்கள். "சாப்பிட்டியா சாமி?" என்று கேளுங்கள். மற்றது தானாக வரும். "படிக்கிற வயசுல இதெல்லாம் தேவையா" என்ற பேச்சை ஒரு வாரம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். புண் ஆறின பிறகு புத்தி சொல்லலாம்.

சாதி கடந்து நேசிக்கிற பிள்ளைகள் இங்கே இருந்தால், நீங்களும் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 2018 மார்ச் 27 அன்று சக்தி வாஹினி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. வயது வந்த இருவர் மனமொத்து மணம் செய்துகொள்ள, குடும்பமோ சாதியோ ஊரோ சம்மதிக்கத் தேவையில்லை. மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவும் பாதுகாப்பு இல்லமும் வேண்டும் என்றும் அந்தத் தீர்ப்பு வழிகாட்டியது. உங்கள் பயத்துக்கு நியாயம் இருக்கிறது. உங்கள் காதலுக்குச் சட்டம் இருக்கிறது. இரண்டையும் நம்பிக்கையான ஒரு பெரியவரிடம் சொல்லி வையுங்கள்.

கடைசியாக, என் கதை ஒன்றைச் சொல்கிறேன். என் கணவர் எனக்கு ஒரு நாளும் ரோஜா வாங்கித் தந்ததில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் தெருமுனைப் பூக்கார அம்மாவிடம் இரண்டு முழம் மல்லிகை வாங்கி வருவார். அவ்வளவுதான் எங்கள் காதல். அவர் இறந்த அடுத்த பிப்ரவரியில் 14-ஆம் தேதி வெள்ளிக்கிழமையாக வந்தது. மாலையில் அந்த முனையைக் கடந்தேன். வாளி வாளியாக ரோஜா, சுற்றிலும் கல்லூரிப் பிள்ளைகள். தலை குனிந்து போய்விடலாம் என்று வேகமாக நடந்தேன். "ஏனுங் டீச்சரம்மா, கண்டுக்காமப் போறீங்களே" என்று குரல் வந்தது. திரும்பினேன். கூடையில் இருந்து மல்லிகைச் சரத்தை எடுத்து, முழங்கையில் இரண்டு முறை அளந்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்து, வாழை இலையில் சுற்றி என் கையில் வைத்தார். "சாமிக்கு வெச்சாலும் வைங்க, தலைல வெச்சாலும் வைங்க, உங்க இஷ்டம். வெள்ளிக்கெழமைக் கணக்கு எனக்கு மறக்காதுங்" என்றார். காசு கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து பூவைப் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு அழுதேன். அவர் போனதிலிருந்து எத்தனையோ நாள் அழுதிருக்கிறேன். நெஞ்சு லேசான அழுகை அன்றுதான் வந்தது. அந்த அம்மா எனக்கு ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. அழாதீர்கள் என்று சொல்லவில்லை. எங்கள் கணக்கை அவரும் நினைவில் வைத்திருக்கிறார் என்று மட்டும் காட்டினார். என் துக்கத்துக்கு இன்னொரு சாட்சி இருக்கிறது என்று தெரிந்ததும், அதைத் தூக்குவதற்கு இன்னொரு கை கிடைத்தது போல இருந்தது.

சங்கப் பாடல்களில் அந்த இன்னொரு கைக்கு ஒரு பெயர் இருக்கிறது. தோழி. தலைவி வாடுகிற இடத்திலெல்லாம் தோழி இருப்பாள். சில நேரம் ஆற்றுவாள், சில நேரம் தலைவனைக் கடிந்துகொள்வாள், சில நேரம் சும்மா கூட இருப்பாள். பாலையை அத்தனை பாட்டுகளில் பாடிய நம் முன்னோர், தலைவி பேச ஒரு தோழியையும் பக்கத்தில் வைத்தார்கள். கேட்க ஆள் இல்லாத இடத்தில், கேட்பதற்காக நிலவையும் கடலையும் நாரையையும் கூட்டிவந்து நிறுத்தினார்கள்.

உங்களில் யாருக்காவது வலி தாங்க முடியாமல், உயிர் வாழ வேண்டாம் என்ற எண்ணம் ஒரு முறை வந்திருந்தாலும், உடனே இந்த எண்களைப் போனில் பதிந்துகொள்ளுங்கள். 14416, டெலிமானஸ், இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். 104, தமிழக அரசின் மருத்துவ உதவி எண். சென்னையில் 1986 முதல் சிநேகா அமைப்பும் இந்தப் பணியைச் செய்து வருகிறது. ஒரு நண்பர் பேச்சில் விரக்தி தெரிந்தால், "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. கேட்க ஒருவர் இருக்கிறார் என்பதுதான் அவருக்குப் புரியும். அதன் பிறகு அவரைத் தனியே விடாமல் கூடவே இருங்கள்.

படியில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணை அன்றிரவு கைபிடித்து மெஸ்ஸுக்குக் கூட்டிப் போனேன். சப்பாத்தி ஆறிப்போயிருந்தது. சமையல்கார அக்கா ஒன்றும் கேட்காமல் மறுபடி அடுப்பைப் பற்றவைத்தார். நாங்கள் மூவரும் சாப்பிட்டோம். யாரும் சிரிக்கவில்லை.

இங்கிருந்து எழுந்து போகும்போது ஒரே ஒரு பெயரை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். துணையை இழந்த அத்தை, மணமுறிவு ஆன சக ஊழியர், சமீபத்தில் பிரிந்த நண்பன், ஒரு மாதமாக அறையை விட்டு வெளியே வராத தோழி, யாராகவும் இருக்கலாம். 14-ஆம் தேதி மாலை ஆறு மணிக்கு அவரை அழையுங்கள். சாப்பிட்டீர்களா என்று கேளுங்கள். பிறகு அவர் பேசட்டும், நீங்கள் கேட்டுக்கொண்டிருங்கள்.